பத்து நாள் மனப்பாடம், ஒரே கேள்வியில் காலி

கேள்வி: விருதுநகர் பக்கம் ஒரு கிராமம். அப்பா லாரி டிரைவர். பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். பேச்சுப் போட்டி என்றாலே பள்ளியில் என் பெயரைத்தான் கொடுப்பார்கள். மாவட்ட அளவில் இரண்டாம் பரிசு வாங்கியிருக்கிறேன். இப்போது கோவையில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. போன மாதம் எனக்கு செமினார். தலைப்பு ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங், அதாவது பிரேக் பிடிக்கும்போது வீணாகிற சக்தியை மின்சாரமாக்கி பேட்டரிக்குத் திருப்புவது. முழுவதையும் ஆங்கிலத்தில் எழுதி, பத்து நாள் உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன். மூன்றாவது ஸ்லைடு வரை நன்றாகத்தான் போனது. துறைத் தலைவர் (ஹெச்.ஓ.டி.) நடுவில் நிறுத்தி, "பேட்டரி ஏற்கெனவே ஃபுல்லா இருந்தா என்ன ஆகும்?" என்று கேட்டார். அவ்வளவுதான். பதிலும் வரவில்லை, விட்ட இடமும் நினைவில்லை. பின்பெஞ்சில் சிரித்தார்கள். "சாரி சார்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த அடுத்த நிமிடம் பதில் ஞாபகம் வந்தது. ஏழாவது செமஸ்டரில் பிளேஸ்மென்ட். எனக்கு இருப்பது மேடை பயமா, ஆங்கில பயமா? ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் மூன்று மாதத்துக்கு 18,000 ரூபாய் கேட்கிறார்கள். சேரலாமா?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: தம்பி, "உட்கார்ந்த அடுத்த நிமிடம் பதில் ஞாபகம் வந்தது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரி அதுதான். பாடம் தெரியாதவருக்கு உட்கார்ந்தாலும் பதில் வராது. மேடையைக் கண்டு நடுங்குகிறவராக இருந்தால் முதல் ஸ்லைடிலேயே நாக்கு ஒட்டியிருக்கும். ஆங்கிலம்தான் சிக்கல் என்றால் மூன்றாவது ஸ்லைடு வரை வண்டி ஓடியிருக்காது. நீங்கள் கேட்ட இரண்டுமே முதல் காரணம் இல்லை. நீங்கள் இதுவரை மேடையில் பேசியதே இல்லை, ஒப்பித்திருக்கிறீர்கள். மாவட்டத்தில் பரிசு வாங்கிய பேச்சையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் அந்தக் கட்சிதான்.

நம் பள்ளிகளில் பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்யும் முறை உங்களுக்கே தெரியும். தமிழய்யா முழுநீளத் தாளில் மூன்று பக்கம் எழுதித் தருவார். எங்கே குரலை ஏற்ற வேண்டும், எங்கே விரலை நீட்ட வேண்டும் என்று ஓரத்தில் குறிப்பு இருக்கும். "மதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, நடுநிலை தவறா நடுவர் பெருமக்களே, என்னோடு களம் காண வந்திருக்கும் சக போட்டியாளர்களே" என்று ஆரம்பித்து எல்லோருக்கும் வணக்கம் வைத்து முடிப்பதற்குள், கொடுத்த ஐந்து நிமிடத்தில் முக்கால் நிமிடம் போயிருக்கும். தலைவர்கள் பிறந்தநாளையொட்டித் தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் நடத்துகிற போட்டிகளில் முதல் பரிசு 5,000 ரூபாய். வீட்டில் அது சின்னத் தொகை இல்லை. பிள்ளைகள் உயிரைக் கொடுத்து மனப்பாடம் செய்வதில் ஆச்சரியமும் இல்லை. நான் நடுவராக உட்கார்ந்த வேறொரு போட்டியில், மூன்று வெவ்வேறு பள்ளிப் பிள்ளைகள் ஒரே உவமையை ஒரே ஏற்ற இறக்கத்தில் சொன்னார்கள். எந்த கைடிலிருந்து வந்ததோ தெரியவில்லை. மூன்றாவது பிள்ளை அந்த இடத்துக்கு வரும்போது பக்கத்திலிருந்த நடுவர் வாய்க்குள்ளேயே கூடச் சேர்ந்து சொன்னார்.

இருந்தாலும் அந்தப் பழக்கத்தைக் குப்பை என்று தள்ள மாட்டேன். ஐந்நூறு பேர் எதிரில் கால் ஊன்றி நிற்கவும், மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் குரலை அனுப்பவும், ஒரு வாக்கியத்தின் முடிவு வரை மூச்சைத் தாங்கவும் உங்களுக்குத் தெரிகிறது. இங்கிலீஷ் மீடியத்தில் படித்த உங்கள் வகுப்புத் தோழர்கள் பலருக்கு இது கிடையாது. கையில் இருப்பதைத் தொலைத்துவிடாதீர்கள்.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி இரண்டாம் ஆண்டு. வெளியூர்க் கல்லூரி ஒன்றில் போட்டி, ஏழு நிமிடப் பேச்சு. ஒரு சொல் பிசகாமல் தயார் செய்திருந்தேன். நான்காவது நிமிடத்தில் மைக் "கீ..." என்று கத்தியது. ஒருவர் ஓடிவந்து வயரை ஆட்டினார், ஸ்பீக்கரைத் திருப்பி வைத்தார், "பேசுங்க" என்று கை காட்டினார். நான் விட்ட இடம் "எனவே". "எனவே" என்றேன். அடுத்த சொல் வரவில்லை. இன்னொரு தடவை "எனவே". மூன்றாவது தடவை சொன்னபோது நடுவர் ஒருவர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். குடித்தேன், வணக்கம் சொன்னேன், இறங்கிவிட்டேன். இன்றைக்கும் எழுதும்போது அந்தச் சொல்லைப் போடக் கை கொஞ்சம் தயங்கும்.

அன்று எனக்கு நடந்ததும் உங்களுக்கு நடந்ததும் ஒன்றுதான். சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்த பேச்சில் ஒவ்வொரு சொல்லும் அதற்கு முந்தைய சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் வரும். நடுவில் எவராவது கையை நீட்டினால் வால் நழுவிவிடும். அப்புறம் முதலிலிருந்து ஓட்டினால்தான் உண்டு. உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்: விருதுநகரிலிருந்து சென்னைக்கு லோடு ஏற்றிப் போகிறவர், "இத்தனை மீட்டர் நேரே, பிறகு இத்தனை டிகிரி இடது" என்றா மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்? மதுரை, திருச்சி, விழுப்புரம் என்று ஊர்கள் தெரியும். நடுவில் பாலம் வேலை நடந்தால் சுற்றிப் போய் அடுத்த ஊரில் சேர்ந்துகொள்வார். பேச்சுக்கும் ஊர்கள் தெரிந்தால் போதும். ஹெச்.ஓ.டி. கேட்ட கேள்வி ஒரு சின்ன டைவர்ஷன், அவ்வளவுதான்.

சரி, உங்கள் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். இன்று இரவு அப்பாவுக்குப் போன் போடுங்கள். ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங் என்ற பெயரையே எடுக்காமல் அதை அவருக்கு விளக்குங்கள். இப்படி ஆரம்பிக்கலாம்: "அப்பா, திம்பத்துல இறங்கும்போது பிரேக் லைனிங் கருகுற வாசனை வருமே, அந்தச் சூடு எங்க இருந்து வருது?" 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைப்பாதை அது. லாரி டிரைவருக்கு அந்த வாசனையை விளக்க வேண்டியதில்லை. ஓடுகிற வண்டியின் வேகம் முழுக்கப் பிரேக்கில் தேய்ந்து சூடாகிக் காற்றில் போகிறது என்று சொல்லுங்கள். மின்சார வண்டியில் பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தைச் சுழற்றுகிற மோட்டாரே ஜெனரேட்டராக மாறுகிறது, சூடாகப் போயிருக்க வேண்டியதில் ஒரு பங்கு மின்சாரமாகி பேட்டரிக்குத் திரும்புகிறது என்று சொல்லுங்கள். சென்னை மெட்ரோ ரயிலிலும் இதே வேலை நடக்கிறது, அங்கே மின்சாரம் மேலே இருக்கிற கம்பிக்குப் போகிறது என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அனேகமாக அவரே கேட்பார்: "அப்ப மலை உச்சியிலயே பேட்டரி ஃபுல்லா இருந்தா?" ஹெச்.ஓ.டி. கேட்ட அதே கேள்வி! அப்போது நீங்கள் என்ன சொல்வீர்கள்? "வர்ற கரண்ட்டை வைக்க இடம் இருக்காதுப்பா. மோட்டார் பிடிக்கிற பிடி குறைஞ்சிடும், சாதா பிரேக்தான் பிடிக்கணும். அதனாலதான் எலெக்ட்ரிக் வண்டியிலயும் சாதா பிரேக்கை எடுக்காம வச்சிருக்காங்க." பதில் அவ்வளவுதான். இதை அப்பாவிடம் சொல்லும்போது உங்களுக்கு வியர்க்காது, வார்த்தை தேட மாட்டீர்கள். ஏனென்றால் அந்த நேரத்தில் உங்கள் கவனம் முழுக்க அவருக்குப் புரிகிறதா என்பதில் இருக்கும். ஒப்பிக்கும்போது கவனம் அடுத்த வரி என்ன என்பதிலேயே மாட்டிக்கொள்ளும். எதிரில் இருப்பவர் முகம் கண்ணில் படாது. ஹெச்.ஓ.டி. புருவத்தைச் சுருக்கியதை நீங்கள் பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். கேள்வி வரப்போகிறது என்று அவர் முகம் முன்கூட்டியே சொல்லியிருக்கும்.

அப்பாவுக்குப் பிறகு ஹாஸ்டல் அறைத் தோழருக்கு ஒரு தடவை. அவர் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் இன்னும் நல்லது. அதற்கப்புறம் உங்கள் வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிற ஒருவருக்கு, ஆங்கிலத்தில். மூன்று பேருக்கும் ஒரே விஷயம், ஆனால் ஒரே வாக்கியம் இரண்டு முறை வரக்கூடாது. இதுதான் பயிற்சி. மூன்றாவது ஆளிடம் முடிக்கும்போது எந்த உதாரணம் வேலை செய்கிறது, எந்த இடத்தில் எல்லோரும் குழம்புகிறார்கள் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். பத்து நாள் மனப்பாடம் இதைச் சொல்லித் தராது.

மேடைக்குப் போகும்போது சட்டைப் பையில் விசிட்டிங் கார்டு அளவில் ஓர் அட்டை. அதில் ஐந்தே சொல்: லைனிங், சூடு, மோட்டார், பேட்டரி, ஃபுல்லானால். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் நெட்டுருப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு நான் தடை சொல்ல மாட்டேன். முதல் வாக்கியம் தடுமாறாமல் வந்தால் தைரியம் வரும். கடைசி வாக்கியம் கையில் இல்லாதவர்கள்தான் "அவ்வளவுதான்... தேங்க் யூ" என்று தலையைச் சொறிந்துகொண்டு இறங்குவார்கள். நடுவில் இருப்பதை அந்த நேரத்தில் வருகிற வார்த்தையில் சொல்லுங்கள். கையில் ஏ4 தாள் மட்டும் வேண்டாம். விரல் கொஞ்சம் நடுங்கினாலும் தாள் அதை ஊருக்கே படபடத்துக் காட்டிவிடும்.

ஸ்லைடு பற்றி ஒரே ஒரு விஷயம். திரையைப் பார்த்துத் திரும்பி நின்று அதில் இருப்பதைப் படிக்காதீர்கள். எதிரில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் படிக்கத் தெரியும்.

இப்போது பயத்துக்கு வருவோம். உங்களுக்குப் பயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. முதல் காரணம் அது இல்லை என்றுதான் சொன்னேன். மேடை ஏறும்போது நெஞ்சு அடிப்பது, வாய் உலர்வது, கை சில்லென்று ஆவது எல்லாம் அட்ரினலின் செய்கிற வேலை. இருபது வருடமாக இதையே தொழிலாகச் செய்கிற எனக்கு இன்றைக்கும் மைக்கைத் தொடும் முன் உள்ளங்கை வியர்க்கும். வள்ளுவரே "அவை அஞ்சாமை" என்று தனியாக ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். போர்க்களத்தில் சாகத் துணிகிறவர்கள் நிறையப் பேர் உண்டு, அவையில் அஞ்சாமல் பேசுகிறவர்கள்தான் அரிது என்கிறார். கோவை ஹாஸ்டல் பையன் ஒருவன் மட்டும் கண்டுபிடித்த பயம் இல்லை இது.

இதில் எனக்குப் பிடித்த இரண்டு ஆய்வுகள் உண்டு. ஹார்வர்டில் அலிசன் வுட் புரூக்ஸ் என்பவர் 2014-ல் வெளியிட்டது ஒன்று. பேசப் போகும் முன் "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொன்னவர்கள் நன்றாகப் பேசினார்கள். யோசித்தால் நியாயமாகத்தான் படுகிறது. நெஞ்சு திடுதிடுவென்று அடிக்கும்போது "அமைதி, அமைதி" என்றால் உடம்பே நம்பாது. கபடிக் களத்தில் இறங்கும்போதும் இதே நெஞ்சுதான் இப்படி அடிக்கிறது. அதை நாம் பயம் என்று சொல்வதில்லை. இரண்டாவது, கென்னத் சவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் இருவரும் 2003-ல் செய்தது. தன் பதற்றம் எதிரில் இருப்பவர்களுக்கு அப்படியே தெரிகிறது என்று பேசுகிறவர் நினைக்கிறார். உண்மையில் அவர் நினைக்கிற அளவுக்கு அது வெளியே தெரிவதில்லை. இந்த ஒரு தகவலை முன்கூட்டியே சொல்லி அனுப்பியவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசியிருக்கிறார்கள். இப்போது உங்களுக்கும் சொல்லிவிட்டேன்.

உடம்புக்கு ஒரு சின்ன உதவி: பெயரைக் கூப்பிடும் முன், மூச்சை இழுப்பதைப் போல இரண்டு மடங்கு நேரம் எடுத்து வெளியே விடுங்கள். நாலைந்து தடவை போதும். மெதுவாக மூச்சை விடும்போது இதயத் துடிப்பு இறங்கும். போடியத்துக்குப் போனதும் உடனே ஆரம்பிக்காதீர்கள். நின்று, ஒரு முகத்தைப் பார்த்து, பிறகு பேசுங்கள். உங்களுக்கு அரை நிமிடம் போலத் தெரிகிற அந்த இடைவெளி, வகுப்பில் உள்ளவர்களுக்கு இரண்டு நொடி.

பின்பெஞ்சுச் சிரிப்பைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். நான் எத்தனையோ வகுப்புகளில் பின்பெஞ்சில் உட்கார்ந்து கவனித்திருக்கிறேன். பாதிச் சிரிப்பு அடுத்த ரோல் நம்பர் தன்னுடையது என்கிற பயத்தில் வருவது. மீதிப் பாதி போனில் ஓடுகிற எதையோ பார்த்து. மேடையில் நிற்கிறவருக்கு எல்லாச் சிரிப்பும் தனக்கே என்று தோன்றும்.

ஆங்கிலத்துக்கு வருகிறேன். தமிழ் மீடியத்தில் படித்தவர்களிடம் நான் முதலில் நிறுத்தச் சொல்வது "ஐ ஆம் ஃப்ரம் தமிழ் மீடியம், சாரி ஃபார் மை இங்கிலீஷ்" என்கிற முன்னுரையை. அதைச் சொன்ன நிமிடத்திலிருந்து கேட்கிறவர்கள் விஷயத்தை விட்டுவிட்டு உங்கள் கிராமரை எண்ண ஆரம்பிப்பார்கள். இரண்டாவது, வாக்கியத்தைச் சின்னதாக்குங்கள். தமிழில் "பிரேக் பிடிக்கும்போது மோட்டாரிலிருந்து வருகிற மின்சாரம் போய்ச் சேருகிற பேட்டரி" என்று வினையெச்சமும் பெயரெச்சமுமாகச் சங்கிலி கோப்பது நமக்குக் கை வந்த கலை. அதே சங்கிலியை ஆங்கிலத்தில் "விச்", "தட்", "வேர்" போட்டுக் கோக்கப் போனால் நடுவில் அறுந்துவிடும். "தி டிரைவர் பிரேக்ஸ். தி மோட்டார் பிகம்ஸ் எ ஜெனரேட்டர். கரண்ட் கோஸ் பேக் டு தி பேட்டரி." மூன்று வாக்கியம். இதில் தவறு விட இடமே இல்லை. நல்ல இன்ஜினியர்கள் இப்படித்தான் பேசுகிறார்கள்.

உச்சரிப்புக்காக அமெரிக்கன் யூடியூபரைப் போலப் பேசிப் பார்க்க வேண்டாம். உங்கள் தலைப்பில் அடிக்கடி வருகிற பத்துச் சொல்லை மட்டும் எடுத்து, டிக்ஷனரி ஆப்பில் ஸ்பீக்கர் பட்டனை அழுத்திக் கேட்டு, சரியாகப் பழகுங்கள். நமக்கு வழுக்குகிற இடம் எஃப்பும் பியும். "ஃபுல்" என்பது "புல்" ஆகிவிட்டால் பேட்டரி நிறைந்ததா, யாராவது இழுத்தார்களா என்று கேட்கிறவர் குழம்புவார்.

கேள்வி வந்தால் என்ன செய்வது? இந்த ஒரு பழக்கம் அன்று இருந்திருந்தால் நீங்கள் எனக்குக் கடிதமே எழுதியிருக்க மாட்டீர்கள். கேள்வியை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள்: "சார், யூ ஆர் ஆஸ்கிங் வாட் ஹேப்பன்ஸ் இஃப் தி பேட்டரி இஸ் ஆல்ரெடி ஃபுல்." இதற்கு ஐந்து நொடி ஆகும். அந்த ஐந்து நொடியில் நினைவு வேலை செய்துவிடும். தவறாகப் புரிந்திருந்தால் அவரே திருத்துவார். அப்படியும் பதில் தெரியவில்லை என்றால், "ஐ டோன்ட் நோ, சார். ஐ வில் ஃபைண்ட் அவுட் அண்ட் டெல் யூ" என்று சொல்லிவிட்டு அட்டையில் அடுத்த சொல்லுக்குப் போங்கள். தெரியாது என்று சொன்னதற்காக எந்த ஹெச்.ஓ.டி.யும் கழுத்தை அறுப்பதில்லை. சுற்றி வளைத்து அளந்துவிடுகிறவர்களிடம்தான் அடுத்தடுத்த கேள்வி போடுவார்.

இடையில் ஒன்று: சின்ன வயதிலிருந்தே திக்குகிற பழக்கம் இருந்தால் மேலே சொன்னது எதுவும் அதற்கு மருந்து இல்லை, பேச்சுப் பயிற்சி சிகிச்சையாளரைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அந்த அறிகுறி இல்லை. இதைப் படிக்கிற வேறு யாருக்காவது இருக்கலாம் என்பதால் சொன்னேன்.

பிளேஸ்மென்டில் வருகிற குரூப் டிஸ்கஷன் உங்கள் பேச்சுப் போட்டி அனுபவத்துக்கு நேர் எதிரானது. அங்கே எட்டுப் பத்துப் பேரை வட்டமாக உட்கார வைத்து ஒரு தலைப்பைக் கொடுப்பார்கள். பத்துப் பேர், பதினைந்து நிமிடம் என்றால் ஆளுக்குச் சராசரியாக ஒன்றரை நிமிடம் வரும். அதாவது அரை நிமிடமாக மூன்று தடவை பேசினாலே உங்கள் பங்கு முடிந்தது. மேடைப் பேச்சாளர்கள் இங்கேதான் தோற்கிறார்கள். வாய் திறந்தால் இரண்டு நிமிடத்துக்கு மூட மாட்டார்கள், குரலும் ஐந்நூறு பேருக்கானதாக இருக்கும். முதலில் ஆரம்பிக்கிறவருக்கு மார்க் என்று ஹாஸ்டலில் சொல்வார்கள், நம்ப வேண்டாம். தலைப்பு புரியாமல் முதலில் பாய்ந்து மாட்டிக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மீன் மார்க்கெட் மாதிரி ஆகிவிட்டால் அதைவிட உரக்கக் கத்தாதீர்கள். யாராவது மூச்சு விடுகிற நேரம் பார்த்து, கடைசியாகப் பேசியவர் சொன்னதிலிருந்து ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு உள்ளே போங்கள். "காஸ்ட் பற்றிச் சொன்னீர்கள், அதில் இன்னொரு பக்கம் இருக்கிறது" என்கிற மாதிரி. இதற்குக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அடுத்து நாம் என்ன சொல்லலாம் என்று மனதுக்குள் வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தால் பிடிக்கச் சொல் கிடைக்காது. ஒருவர் இரண்டு தடவை வாய் திறக்கப் பார்த்து முடியாமல் உட்கார்ந்திருந்தால், "அவர் ஏதோ சொல்ல வந்தார்" என்று வழிவிடுங்கள். எதிரில் பேனாவோடு உட்கார்ந்திருக்கிற கம்பெனிக்காரர் அதைக் குறித்துக்கொள்வார்.

கடைசியாக அந்த 18,000 ரூபாய். இப்போதைக்கு வேண்டாம் என்பதுதான் என் பதில். நானும் இதே தொழிலில் இருப்பவன், அதனால் உள் விவகாரம் தெரியும். சேர்ந்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஒரு மணி நேர வகுப்பில் நான் எழுந்து நின்று எத்தனை நிமிடம் பேசுவேன்?" ஒரு பேட்சில் முப்பது பேர் இருந்து, சார் நாற்பது நிமிடம் பேசினால், மிச்சம் இருபது நிமிடத்தை முப்பதால் வகுத்துக்கொள்ளுங்கள். நாற்பது நொடி. அதை ஹாஸ்டல் மாடியில் சும்மாவே பேசலாம்.

இன்னொரு அடையாளமும் சொல்கிறேன். முதல் நாளே "கம்யூனிகேஷனில் வார்த்தைக்கு 7 சதவீதம்தான், மீதி 93 சதவீதம் குரலும் உடல்மொழியும்" என்று வண்ண வட்டம் போட்டுக் காட்டினால் பையை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-ல் செய்த சோதனைகளிலிருந்து பிய்த்து எடுத்த கணக்கு அது. ஒற்றைச் சொல்லையும் குரலையும் முகத்தின் புகைப்படத்தையும் வைத்து, ஒருவருக்கு விருப்பமா வெறுப்பா என்று ஊகிக்கச் சொன்ன சோதனை. எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். 93 சதவீதம் உண்மையாக இருந்தால் உங்கள் ஹெச்.ஓ.டி. பேட்டரியைப் பற்றிக் கேட்டபோது நீங்கள் ஜப்பானிய மொழியில் பதில் சொல்லியிருந்தாலும் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

பணம் செலவாகாத வழிகள் உண்டு. தமிழக அரசு 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் ஆங்கிலப் பேச்சுத் திறனுக்கும் பயிற்சி இருக்கிறது. உங்கள் கல்லூரி பிளேஸ்மென்ட் அலுவலகத்தில் கேளுங்கள். கோவையில் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்புகள் இருக்கின்றன. மேடைப் பேச்சு பழகுவதற்காக 1924-ல் கலிஃபோர்னியாவில் ஆரம்பித்த அமைப்பு அது. விருந்தினராகப் போய் ஒரு கூட்டத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். முன்கூட்டிச் சொல்லாத தலைப்பில் ஒன்றிரண்டு நிமிடம் பேசச் சொல்வார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நேரத்துக்கு அட்டை காட்டுவார்கள். ஒருவர் உட்கார்ந்து நீங்கள் "ஆ", "ம்ம்" என்று இழுத்ததை எல்லாம் எண்ணிக் கடைசியில் வாசிப்பார்! முதல் தடவை அவமானமாக இருக்கும். மூன்றாவது கூட்டத்தில் எண்ணிக்கை பாதியாகும்.

கல்லூரி விழாக்களில் "ஜாம்" நடத்துவார்களே, ஒரு நிமிடம் தடங்கல் இல்லாமல், சொன்னதையே சொல்லாமல், தலைப்பை விட்டு நகராமல் பேசுவது. பிபிசி வானொலியில் 1967-ல் தொடங்கிய விளையாட்டு அது. பரிசு வருகிறதோ இல்லையோ, பெயரைக் கொடுத்துவிடுங்கள். மனப்பாடம் எந்த உதவியும் செய்ய முடியாத இடம் என்பதால்தான் உங்களை அங்கே அனுப்புகிறேன்.

தினமும் ஒரு வேலை மட்டும் கொடுக்கிறேன். இரவு படுக்கும் முன் போனில் வாய்ஸ் ரெக்கார்டரைப் போட்டு, அன்று வகுப்பில் நடத்திய ஒரு விஷயத்தை இரண்டு நிமிடம் சொல்லுங்கள். ஒரு நாள் தமிழ், ஒரு நாள் ஆங்கிலம். முதலில் உங்கள் குரல் உங்களுக்கே பிடிக்காது. எல்லோருக்கும் அப்படித்தான், நாம் பேசும்போது நம் குரல் மண்டை எலும்பு வழியாகவும் காதுக்குப் போவதால் கனமாகக் கேட்கும், ரெக்கார்டிங்கில் அந்தக் கனம் இருக்காது. ஒரு வாரம் கேட்டால் பழகிவிடும். பிறகு எத்தனை "பேசிக்கலி", எத்தனை "ஆக்சுவலி" என்று எண்ணுங்கள். அந்த இடங்களில் எதையும் போடாமல் சும்மா நிறுத்திப் பாருங்கள். நிறுத்துவது தவறில்லை. பட்டிமன்ற மேடையில் பேர் போனவர்களைக் கவனியுங்கள்: கைதட்டல் வருவதற்குச் சற்று முன் ஒரு நொடி சும்மா நிற்பார்கள்.

இதெல்லாம் இன்று ஆரம்பித்தாலும் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். ஏழாவது செமஸ்டருக்கு அது போதுமான நேரம்தான். ஆனால் ஒரு வேலைக்கு அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். திங்கட்கிழமை மதிய இடைவேளையில் ஹெச்.ஓ.டி. அறைக்குப் போங்கள். கையில் தாள் வேண்டாம். "சார், அன்னைக்கு செமினார்ல பேட்டரி ஃபுல்லா இருந்தா என்ன ஆகும்னு கேட்டீங்க" என்று ஆரம்பியுங்கள். தமிழிலேயே சொல்லலாம். அவர் இன்னொரு கேள்வி கேட்டால், அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, மூச்சு விட்டு, பதில் சொல்லுங்கள். அவர் என்ன கேட்டார் என்று எனக்கும் எழுதுங்கள்.